கிராம சபைக்கு முதல்முறை போகிறீர்களா? உங்கள் ஊர்க் குளத்தைத் தீர்மானத்தில் ஏற்றும் வழி

முதன்முதலாகக் கிராம சபையில் எழுந்தபோது நான் பத்து நிமிடம் விடாமல் பேசினேன். குளத்தங்கரையில் கோழிக்கழிவு கொட்டுவது, வரத்து வாய்க்காலை மறித்து நிற்கும் சுவர், மழை பெய்தும் நிறையாத குளம் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. டீ குடிக்கும்போது இரண்டு பேர் வந்து, "நல்லா கேட்டீங்க தம்பி" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் கூட்டத்தின் தீர்மான நகலை வாங்கிப் பார்த்தேன். குடிநீர், தெருவிளக்கு, சாலை "உள்ளிட்ட பொருள்கள் விவாதிக்கப்பட்டன" என்று ஒரு வரி இருந்தது. குளம் என்ற சொல்லே அதில் இல்லை.

கிராம சபையில் பேசுவது எளிது, பேசியதை எழுத வைப்பதுதான் வேலை என்று அன்றைக்குப் புரிந்தது. ஊரின் நீர்நிலை, குப்பை, மரம், மேய்ச்சல் நிலம் என்று ஏதோ ஒன்றுக்காக ஊராட்சிப் பக்கம் முதல்முறை போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குளத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். குப்பைக் கிடங்குக்கும் இதே பாதைதான்.

ஊராட்சிக்கு இதில் என்ன வேலை?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 துறைகளைப் பட்டியலிட்டது. சிறு பாசனம், நீர் மேலாண்மை, சமூகக் காடு வளர்ப்பு, குடிநீர், பொதுச் சொத்துகளைப் பராமரிப்பது எல்லாம் அதில் உண்டு. அதைத் தொடர்ந்து வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, கிராம சபையை ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அத்தனை பேரும் கொண்ட சபையாக ஆக்கியது. நீங்கள் அங்கே பார்வையாளரில்லை, உறுப்பினர். ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவதும், தணிக்கை அறிக்கையைப் பார்ப்பதும் அந்தச் சபையின் வேலை. தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருக்கும் காலத்திலும் கிராம சபை உண்டு. "இப்போ தலைவரே இல்லையே, என்ன கூட்டம்?" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கூட்டம் ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உலக நீர் நாளான மார்ச் 22உம் உள்ளாட்சி நாளான நவம்பர் 1உம் 2022இல் சேர்க்கப்பட்டவை. தேதி சில சமயம் தள்ளிப்போகும். 2024இல் நவம்பர் 1 கூட்டம் தீபாவளி விடுமுறையால் நவம்பர் 23க்குப் போனது. ஆகவே ஊராட்சி செயலரிடம் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இந்த ஆறில் எதைத் தேர்ந்தெடுப்பது? பணம் கேட்கப் போகிறீர்கள் என்றால் அக்டோபர் 2. அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டப் பேச்சு பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும், அந்தத் திட்டத்தில் ஏறாத வேலைக்கு நிதி தேடுவது சிரமம். எல்லை அளப்பது, கழிவு கொட்டுவதை நிறுத்துவது போலச் செலவில்லாத கோரிக்கைக்கு எந்தக் கூட்டமும் சரி. மார்ச் 22 கூட்டத்தில் தண்ணீர்தான் பேசுபொருள் என்பதால் குளத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் காது கிடைக்கும்.

முதல் வேலை: குளம் யாருடையது?

கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். என் முதல் பேச்சு தோற்றதற்குக் காரணமே இதுதான். "நம்ம குளம்" என்று நான் சொன்னதற்கு, "அது எங்க கண்ட்ரோல்ல இல்லீங்க" என்று ஒரே வரியில் பதில் வந்தது. என்னிடம் மறுமொழி இல்லை.

நிலம் ஒருவரிடம், பராமரிப்பு இன்னொருவரிடம் இருக்கும் என்பதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கர், அல்லது அதற்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகளைப் பொதுவாக நீர்வளத்துறை பார்க்கும். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. குட்டை, ஊருணி போன்றவை ஊராட்சியிடம் இருக்கும். கோயில் குளம் என்றால் அறநிலையத்துறையையும் கேட்க வேண்டும். ஆனால் எதன் எல்லையை அளப்பதானாலும் வருவாய்த்துறைதான், தாலுகா அலுவலகத்து சர்வேயர்தான் வரவேண்டும். பராமரிக்கச் சொல்லி ஒருவரிடமும் அளக்கச் சொல்லி இன்னொருவரிடமும் கேட்க வேண்டிய கோரிக்கையை ஒரே ஆளிடம் கொண்டுபோனால், அவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்.

அடுத்தது புல எண், சர்வே நம்பர் என்று எல்லோரும் சொல்வது. விஏஓவிடம் கேட்டால் சொல்வார். தமிழ்நாடு அரசின் இணையவழி நிலப்பதிவுச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்துப் புல எண்ணைப் போட்டால் 'அ' பதிவேட்டு விவரத்தைப் பார்க்கலாம். அதில் நிலத்தின் வகைப்பாடு என்னவென்று பாருங்கள். ஏரி, குளம், ஊருணி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு என்று எழுதியிருக்கும். பரப்பு எத்தனை ஹெக்டேர், ஏர் என்றும் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு குளத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். பதிவேட்டில் இரண்டு ஹெக்டேர் இருக்கும், கண்ணுக்குத் தெரிவது ஒன்றேகால்தான் இருக்கும். மீதி எங்கே போனது என்பதுதான் உங்கள் கேள்வி.

சில ஊர்களில் பதிவேட்டிலேயே குளம் காணாமல் போயிருக்கும். அப்போது பழைய பதிவுகளுக்குப் போக வேண்டும். 1980களில் முடிந்த யூ.டி.ஆர். நில உடைமைப் பதிவு மேம்பாட்டுக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேடு, எஸ்.எல்.ஆர். என்பார்கள், அதில் அந்த எண் எப்படி இருந்தது என்று கேளுங்கள். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒப்பீட்டுப் பட்டியல் உண்டு. இதைக் கேட்கும்போது அலுவலகத்தில் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும். விவரம் தெரிந்த ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள், அந்த நினைப்பு உதவும்.

அப்புறம் வாய்க்கால். எல்லோரும் குளத்தை மட்டும் பார்க்கிறோம். குளத்தைக் கொல்ல அதற்குள் யாரும் இறங்க வேண்டியதில்லை, வரத்து வாய்க்காலில் ஓரிடத்தில் நாலு லோடு மண்ணைக் கொட்டினால் போதும். நீர் எங்கிருந்து வருகிறது, எந்த மதகு வழியாகப் போகிறது, நிறைந்தால் உபரிநீர் வழியும் கலிங்கு எங்கே என்று ஊரில் வயதான ஆயக்கட்டுக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடந்து பாருங்கள். எங்கள் ஊரில் எனக்குக் காட்டிக்கொடுத்தவர் எழுபது தாண்டிய ஒரு தாத்தா. அவர் கைத்தடியால் தட்டிக்காட்டிய இடத்தில் மண்ணுக்கடியில் பழைய குழாய்ப்பாலம் ஒன்று இருந்தது. வரைபடத்தில் அந்த வாய்க்காலுக்குத் தனிப் புல எண்ணும் இருந்தது. அந்த ஒரு நாள் நடை இல்லையென்றால் நான் இன்னும் குளத்தைத் தூர்வாரச் சொல்லிக் கத்திக்கொண்டிருப்பேன்.

படம் எடுக்கும்போது நாளும் இடக்குறியும் பதிவாகும் செயலியில் எடுங்கள். ஒரே இடத்தை வெயில் காலத்திலும் மழைக்குப் பிறகும் எடுத்து வையுங்கள். கழிவு கொட்டும் படம் என்றால் வண்டியை மட்டும் எடுங்கள், ஆளோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

ஆட்களைச் சேர்ப்பது

கிராம சபைக்குக் குறைவெண் உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வரவேண்டும். பல ஊர்களில் இந்த எண்ணை எட்டவே தடுமாறுவார்கள். நீங்கள் முப்பது பேரோடு போனால் கூட்டம் நடக்கவே நீங்கள் காரணமாகிவிடுகிறீர்கள், இதைவிடப் பெரிய பலம் வேறில்லை.

யார் அந்த முப்பது பேர்? இளைஞர் மன்றத்துப் பையன்களை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மகளிர் சுய உதவிக் குழுவினர் எப்படியும் கூட்டத்துக்கு வருவார்கள். குடத்தோடு நடக்கிற கால்கள் அவர்களுடையவைதான், ஆழ்துளைக் கிணறு வற்றினால் முதலில் தெரிவதும் அவர்களுக்குத்தான். அவர்களில் ஒருவர் எழுந்து பேசினால் கூட்டத்தின் தொனியே வேறு. ஆயக்கட்டு விவசாயிகள், குளத்தில் மாடு குளிப்பாட்டுகிறவர்கள், மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலம் எடுத்தவர், குப்பையை அன்றாடம் கையால் தொடுகிற தூய்மைக் காவலர்கள் எல்லோரும் வேண்டும். ஊர்த்தெருக்காரர்கள் மட்டும் வந்து காலனிக்காரர்கள் வராத கூட்டத்தில் போட்ட தீர்மானம் பாதி ஊரின் தீர்மானம்தான். கூட்டம் எல்லோரும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய இடத்தில் நடக்கிறதா என்றும் பாருங்கள். கோயில் மண்டபத்தில் நடக்கிறதென்றால் பள்ளிக்கூடத்துக்கு மாற்றக் கேளுங்கள்.

தலைவரைக் கூட்டத்துக்கு முன்பே போய்ப் பார்த்துவிடுங்கள். இதில் கௌரவம் பார்க்க வேண்டாம். முந்நூறு பேர் முன்னால் திடீரென்று கேட்டால் யாராக இருந்தாலும் தற்காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "தலைவரே, இந்த விஷயத்தைத் தீர்மானத்துல சேர்க்கணும், நீங்களே முன்மொழிஞ்சா நல்லாயிருக்கும்" என்று சொன்னால் பாதி நேரம் சரி என்பார். குளத்தைத் தூர்வாரிய பெயர் அவருக்குப் போகட்டும், உங்களுக்குக் குளம் போதும். அவரே ஆக்கிரமிப்புக்காரரின் பங்காளி என்றால் கதை வேறு. அப்போதும் போய்ப் பாருங்கள், ஆனால் மனுவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

மனு என்றால் ஒரு பக்கம். பொருள், புல எண், என்ன வேண்டும், எந்தக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்பது போதும். ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து நகலில் கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்ட். அதன் நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் அனுப்பிவிடுங்கள், பி.டி.ஓ. மேசையில் ஒரு தாள் இருக்கிறது என்று தெரிந்தாலே கீழே வேலை நடக்கும்.

தீர்மானத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். கூட்டத்தில் தீர்மானம் எழுதுகிறவர் ஊராட்சி செயலர். ஒரே நேரத்தில் கையெழுத்து வாங்கி, புகைப்படம் எடுத்து, அதிகாரிகளுக்கு நாற்காலி போட்டு, திட்டப் பட்டியல் வாசித்து, நடுவில் தீர்மானமும் எழுத வேண்டியவர் அவர். உங்கள் பத்து நிமிடப் பேச்சை அவர் எப்படிச் சுருக்குவார்? என் பேச்சைச் சுருக்கியது போலத்தான். எழுதிக்கொண்டு போன தாளைக் கொடுத்தால் அப்படியே பார்த்து எழுதிவிடுவார், அவருக்கும் நிம்மதி.

மாதிரிக்கு ஒன்று:

"நமது ஊராட்சி, புல எண் ______இல் உள்ள ______ குளத்தின் எல்லையை வருவாய்த்துறை மூலம் அளந்து எல்லைக்கல் நடவும், புல எண் ______இல் உள்ள அதன் வரத்து வாய்க்காலில் உள்ள தடைகளை அகற்றவும், குளத்திலும் கரையிலும் கழிவு கொட்டுவதைத் தடைசெய்து அறிவிப்புப் பலகை வைக்கவும், கரையைப் பலப்படுத்தும் பணியை அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கவும், எடுத்த நடவடிக்கையை அடுத்த கிராம சபையில் அறிக்கையாக வைக்கவும் இக்கிராம சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது."

கடைசி வேண்டுகோளைக் கவனியுங்கள். அது இருந்தால்தான் அடுத்த கூட்டத்தில் கேட்க உங்களுக்குப் பிடி கிடைக்கும். "சுற்றுச்சூழலைப் பாதுகாக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் யாரும் எதிர்க்க மாட்டார்கள், யாரும் செய்யவும் மாட்டார்கள். இடம், எண், செய்ய வேண்டியவர், காலம் நான்கும் இல்லாத தீர்மானம் வெறும் வாழ்த்துரை.

நிதியைப் பற்றி ஒரு சொல். பதினைந்தாவது நிதிக்குழுக் காலத்தில், 2021 முதல் 2026 வரை, ஊராட்சிகளுக்கு வந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீர், மழைநீர் சேமிப்பு, துப்புரவு போன்றவற்றுக்கென்றே கட்டிப்போடப்பட்டிருந்தது. அது எதற்குப் போனது என்று கூட்டத்தில் கேட்பது உங்கள் உரிமை. பணம் இல்லை என்ற பதில் வந்தால் அந்தக் கணக்கைக் கேளுங்கள்.

தூர்வாருவது பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. வண்டல் மண்ணை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் அனுமதி பெற்று இலவசமாக எடுக்கலாம், நல்ல ஏற்பாடு. ஆனால் வண்டல் என்ற பேரில் கீழே இருக்கும் கிராவலும் சேர்ந்து டிப்பரில் ஏறிவிடும். குளம் கிண்ணமாக இருக்க வேண்டியது கிணறாகிவிடும். எத்தனை அடி ஆழம், எத்தனை நாள், யார் மேற்பார்வை என்பதையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கூட்ட நாள்

நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். முதலில் வருகைப் பதிவேடு சுற்றி வரும். வருகைக்குக் கையெழுத்துப் போடுங்கள், ஆனால் தீர்மானம் எழுதாத வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள். "அப்புறம் எழுதிக்கிறோம், போட்டுட்டுப் போங்க" என்று கேட்பது பழக்கமான ஒன்று. கெட்ட எண்ணம் இல்லாமலும் கேட்பார்கள். சிரித்துக்கொண்டே, "எழுதுங்க சார், இருந்து போட்டுட்டுப் போறேன்" என்று சொல்லுங்கள்.

மேலிடத்திலிருந்து வந்த கூட்டப் பொருள்கள் வரிசையாக வாசிக்கப்படும். அதற்கே ஒரு மணி நேரம் போகும். பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். உங்கள் முப்பது பேரைப் பிடித்து வைப்பதுதான் அன்றைய உண்மையான சவால். உங்கள் முறை வந்ததும் மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். புல எண், பதிவேட்டுப் பரப்பு, இப்போதைய நிலை, என்ன வேண்டும். கையில் இருக்கும் தாளைப் படித்துவிட்டு, செயலரிடம் கொடுத்துவிட்டு உட்காருங்கள். யார் பெயரையும் சொல்லாதீர்கள். "அவன் வளைச்சுட்டான்" என்றால் கூட்டம் சண்டையாகிக் கலைந்துவிடும், சிலருக்கு வேண்டியதும் அதுதான். "எல்லையை அளக்கணும்" என்றால் அதை எதிர்க்கிறவர் எதற்கு எதிர்க்கிறார் என்று ஊரே யோசிக்கும்.

கூட்டத்துக்குப் பற்றாளர் என்று ஓர் அலுவலர் அனுப்பப்பட்டிருப்பார். பல நேரம் ஓரமாக, யாரும் கவனிக்காமல் உட்கார்ந்திருப்பார். முடியும் முன் எழுந்து, "ஐயா, எழுதின தீர்மானங்களை ஒருதடவை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்று அவரிடம் கேளுங்கள். வாசித்த பிறகு கையெழுத்து. முடிந்தால் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீடு இருக்கும் இடமென்றால்

கரையில் ஒரு குடிசை வரிசை இருக்கிறதென்று வையுங்கள். அங்கே இருப்பவர்கள் வேறு போக்கிடம் இல்லாதவர்கள். மறுபக்கம் வாய்க்காலை மூடி மனை பிரித்தவர் இருக்கிறார். தாளில் இரண்டுக்கும் ஆக்கிரமிப்பு என்ற ஒரே சொல்தான். நடைமுறையில் ஜேசிபி எந்தப் பக்கம் முதலில் திரும்பும் என்று உங்களுக்கே தெரியும்.

நீர்நிலையை மீட்பதில் சட்டம் உங்கள் பக்கம்தான். ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்ற மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல், பஞ்சாப் கிராமக் குளம் ஒன்றைப் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில் சொன்னது. தமிழ்நாட்டில் ஏரிகளுக்கென்றே 2007இல் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்தது. ஆனால் வீடிழப்பவருக்கு மாற்று இடம் தர வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள். அந்தக் குடும்பங்களோடு கூட்டத்துக்கு முன்பே பேசுங்கள். அவர்களும் வாக்காளர்கள், அதே சபையின் உறுப்பினர்கள். மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வருவது அவர்களுக்குத்தான். மாற்று இடத்துக்கான கோரிக்கையை உங்களோடு சேர்ந்து வைக்க அவர்கள் தயாராக இருப்பார்கள், எங்கள் ஊரில் இருந்தார்கள்.

தீர்மானத்துக்குப் பிறகு

தீர்மானம் போட்ட மறுநாள் ஜேசிபி வந்து நிற்காது. சட்டத்துக்குப் புறம்பான தீர்மானத்தை நிறுத்தி வைக்க ஆட்சியருக்கு அதிகாரமும் உண்டு. அதனால் மனம் தளர வேண்டாம், தீர்மானம் என்பது இனி போகப்போகும் ஒவ்வொரு மனுவிலும் இணைக்கப்போகும் முதல் தாள். தனியாள் மனு வேறு, கிராம சபைத் தீர்மானத்தோடு போகும் மனு வேறு.

நகல் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு தாள். யாருக்கு அனுப்புவது என்று குழம்ப வேண்டாம், தவறான அலுவலகம் என்றால் அவர்களே ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். "இந்தத் தேதி கிராம சபைத் தீர்மானத்தின் நகல்", "அதன் மீது எழுதப்பட்ட கடிதங்களின் நகல்", "இந்தப் புல எண்ணில் கடைசியாக அளவை செய்யப்பட்ட ஆவணத்தின் நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் பலனில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: நடக்கும் பணியை நேரில் பார்வையிடவும், போடுகிற பொருளின் மாதிரியை எடுக்கவும்கூட உரிமை உண்டு. கரை பலப்படுத்தும் பணியில் இது நன்றாக வேலை செய்யும்.

தீர்மான நகல் கையில் வந்ததும் தாசில்தாருக்கு எல்லை அளக்க மனு, பி.டி.ஓ.வுக்குப் பணிகளுக்கான மனு, திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் இரண்டையும் இணைத்து ஒன்று. தொழிற்சாலைக் கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு. எல்லாவற்றுக்கும் ஒப்புகை எண்.

பெரிய திட்டம் வந்துவிட்டால்

ஊருக்குப் பக்கத்தில் சுரங்கமோ பெரிய ஆலையோ வருகிறதென்றால் கிராம சபை மட்டும் போதாது. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பல வகைத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயம். குறைந்தது 30 நாள் முன்பு நாளிதழில் அறிவிப்பு வரும், அதில் ஒன்று உள்ளூர் மொழி நாளிதழ். அறிக்கையின் சுருக்கம் தமிழில் ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், ஊராட்சி அலுவலகங்கள் போன்ற இடங்களில் வைக்கப்பட வேண்டும். போய் வாங்கிப் படியுங்கள். உங்கள் ஊர்க் குளத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாலே போதும், பல விஷயம் புரிந்துவிடும். கூட்டத்துக்கு ஆட்சியரோ அவர் சார்பில் உயர் அலுவலரோ தலைமை தாங்குவார், முழுவதும் காணொளியாகப் பதிவாகும். வர முடியாதவர்கள் எழுத்தில் அனுப்பலாம். முடிவில் கூட்டக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசிக்க வேண்டும், இங்கேயும் அதே பழைய பாடம்தான்: வாசிக்கும் வரை கிளம்பாதீர்கள்.

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், 193 ஹெக்டேர். 2024 நவம்பரில் அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு வெளியானது. அந்த மாதக் கிராம சபைகளிலேயே சுற்றுவட்டார ஊர்கள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, ஜனவரியில் மக்கள் மதுரையை நோக்கிப் பேரணியாகப் போனார்கள், அதே மாதத்தில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டுமே அதைச் செய்யவில்லை, தெருவில் இறங்கிய ஆயிரக்கணக்கானோர் செய்தார்கள். ஆனால் மரபுத் தலம் என்ற தாள் இரண்டு வருடத்துக்கு முன்பே கையில் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பதிவேடு அலமாரியில் இருக்கிறதா, இருந்தால் உள்ளே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆபத்து வருமுன் செய்ய வேண்டிய வேலை அது.

எல்லாம் செய்தும் நடக்கவில்லையென்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது, தென்மண்டல அமர்வு சென்னையில். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஆனால் காரணம் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்ற கணக்கை மறந்துவிட்டு, மனு மேல் மனுவாகப் போட்டு ஒரு வருடத்தைக் கழித்தவர்களை எனக்குத் தெரியும்.

நகரத்துக்காரர்களுக்கு

மாநகராட்சி, நகராட்சிகளில் கிராம சபை இல்லை. அதற்கு இணையாக வார்டு குழுவும் ஏரியா சபையும் உண்டு, முதல்முறையாகப் பரவலாக நடந்தது 2022 நவம்பர் 1இல். தலைமை கவுன்சிலர். கூட்டம் எப்போது என்று தெரியாமலே நடந்து முடிந்துவிடும் என்பதுதான் இதன் முதல் சிக்கல், கவுன்சிலர் அலுவலகத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து வையுங்கள். மற்றபடி புல எண்ணும் எழுதிய தாளும் அங்கேயும் அதேதான்.

இரண்டாவது கூட்டத்துக்குப் போகும்போது

ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். 'அ' பதிவேட்டு நகல், புலப்படம், தேதியிட்ட படங்கள், மனு ஒப்புகைகள், தீர்மான நகல், வந்த பதில்கள், எல்லாம் தேதி வரிசையில். எங்கள் குளத்துக்கு எல்லைக்கல் நட நான்கு கிராம சபைகள் ஆயின. ஒவ்வொன்றிலும் நான் கேட்டது ஒரே கேள்விதான்: "போன தீர்மானத்துக்கு என்ன அறிக்கை?" நான்காவது முறை நான் எழுவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா அதையே கேட்டுவிட்டார்.

கோப்போடு பேனா இரண்டு எடுத்துப் போங்கள். வருகைப் பதிவேடு சுற்றும்போது ஒன்றை யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.